பிறமொழி நாட்டில் படிக்கும் பிள்ளைக்கு வருத்தம் வந்தால்: அங்குள்ள டொக்டரா, வெள்ளவத்தை டொக்டரா, விமான டிக்கெட்டா?

ஜேர்மனிக்கோ ஜப்பானுக்கோ பிரான்ஸுக்கோ பிள்ளையை அனுப்பிய கொழும்பு வீடுகளுக்கு, முதல் குளிர்காலத்தில் ஒரு தரமாவது இந்த அழைப்பு வந்துவிடும். "ரெண்டு நாளாக் காய்ச்சல் அம்மா. டொக்டரிட்ட போறதா விடுறதா? போனாலும் என்னெண்டு சொல்றது?" வீட்டில் ஆளுக்கொரு யோசனை பிறக்கும். அப்பா வெள்ளவத்தையில் வழக்கமாகக் காட்டும் டொக்டருக்கு எடுக்கப் பார்ப்பார். அம்மாவுக்கு அந்த நாட்டிலேயே இருக்கும் பெரியம்மாவின் நினைவு வரும். அம்மம்மா, "பிள்ளையைக் கூப்பிடுங்கோ, இங்க வந்து படுக்கட்டும்" என்பார்.

மூன்று யோசனையும் பிழையில்லை. ஒவ்வொன்றும் வேறு வேறு வருத்தத்துக்குச் சரி. லண்டன், மெல்பன், டொரன்டோ போன பிள்ளைகளுக்கு மொழிச் சிக்கல் குறைவு. இங்கே பார்ப்பது ஆங்கிலம் பெரிதாக எடுபடாத நாடுகளை.

## எதை வைத்து நிறுப்பது

ஐந்து விஷயங்கள்.

1. அந்த வழியில் போனால் யாராவது பிள்ளையைத் தொட்டுப் பார்த்து, தேவையென்றால் இரத்தம் எடுத்துச் சோதிக்க முடியுமா?
2. பேச்சு இரண்டு பக்கமும் விளங்குமா? பிள்ளை சொல்வது டொக்டருக்கும், டொக்டர் சொல்வது பிள்ளைக்கும்.
3. பரீட்சைக்கோ வரவுக்கோ விசாவுக்கோ செல்லுபடியாகும் மெடிக்கல் சான்றிதழ் கிடைக்குமா?
4. காசு எவ்வளவு, எந்தெந்த வழியில் போகும்?
5. கதை யார் யார் காதுக்குப் போகும்?

பெரும்பாலான வீடுகள் இரண்டாவதை மட்டும் பார்த்தே முடிவெடுக்கின்றன. தமிழில் பேச முடிகிறதா, அது போதும் என்று. ஆனால் முதலாவதும் மூன்றாவதும்தான் பிறகு கழுத்தைப் பிடிக்கும்.

மூச்சு முட்டுதல், நெஞ்சை அழுத்தும் வலி, நினைவு தப்புதல், வலிப்பு, நிற்காத இரத்தம் என்றால் எந்த ஒப்பீடும் வேண்டாம். ஜேர்மனியில் 112, பிரான்ஸில் 15 அல்லது 112, ஜப்பானில் 119. ஜப்பானில் அம்புலன்ஸுக்குக் காசில்லை. ஜேர்மனியில் பொதுக் காப்புறுதி இருந்து, உண்மையாகவே தேவைப்பட்ட பயணமென்றால் 10 யூரோதான் கையால் போகும். காசுக்குப் பயந்து விடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

## வழி 1: அங்குள்ள டொக்டரிடம் தனியாகப் போவது

ஐந்தில் முதலாவதிலும் மூன்றாவதிலும் இதை வெல்ல எதுவுமில்லை. தோற்பது மொழியில். அந்தத் தோல்வியில் பாதியை முந்திய இரவே ஒரு தாளில் எழுதிச் சரிசெய்யலாம்.

கைபேசி மொழிபெயர்ப்பில் நேரே ஈழத் தமிழைப் போட வேண்டாம். "எனக்கு வருத்தம்" என்றால் நமக்கு நோய். செயலிக்கு அது கவலை. வயிறு "நோ" என்று எழுதினால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. "தடிமன்" உடம்பின் பருமனாகிவிடும். பிள்ளைக்கு ஓரளவு ஆங்கிலம் தெரியுமென்றால் ஒரு வரிக்கு ஒரு விஷயமாக ஆங்கிலத்தில் எழுதி, அதை ஜேர்மனுக்கோ ஜப்பானியத்துக்கோ மாற்றி, வந்ததைத் திருப்பி ஆங்கிலத்துக்கு மாற்றிப் பார்ப்பதுதான் பத்திரம். திரும்பி வந்த வரி முதலில் எழுதியதுபோல் இல்லையென்றால் இன்னும் சின்னதாக உடைத்து எழுதுங்கள்.

"மயக்கம்" என்ற சொல்லில் தனிக் கவனம் வேண்டும். தலைசுற்றுவதையும் மயக்கம் என்கிறோம், நினைவிழந்து விழுவதையும் மயக்கம் என்கிறோம். டொக்டருக்கு இவை இரண்டு வேறு பாதைகள். முதலாவதற்குக் காதையும் பிரஷரையும் பார்ப்பார், இரண்டாவதற்கு ஈ.சி.ஜி. எடுப்பார். ஜேர்மனில் முன்னது 'ஷ்விண்டல்', பின்னது 'ஓன்மாக்ட்'. எத்தனை செக்கன் நினைவில்லை, விழுந்தபோது எங்காவது அடிபட்டதா என்று சேர்த்து எழுதினால் குழப்பம் வராது.

காய்ச்சலின் அளவும் அப்படித்தான். கொழும்பில் "நூற்றிரண்டு" என்றால் எல்லோருக்கும் விளங்கும். அங்கே பாகை செல்சியஸ். 100.4 என்பது 38, 102 என்பது 38.9, 104 என்பது 40. போகும்போதே செல்சியஸ் தேர்மோமீட்டர் ஒன்றை வாங்கிவிட்டால் மனக்கணக்குப் போட வேண்டாம்.

ஜப்பானில் தமிழருக்கு எதிர்பாராத ஒரு சௌகரியம் உண்டு. வலியை இரட்டைக்கிளவியால் சொல்வது அங்கும் வழக்கம். 'விண் விண்' என்று தெறித்தால் 'ஜுகி ஜுகி', ஊசி குத்துவதுபோல் 'சுருக் சுருக்' என்றால் 'சிக்கு சிக்கு', வயிற்றைத் திருகினால் 'கிரி கிரி', மண்டை இடித்தால் 'கன் கன்', குமட்டினால் 'முக்க முக்க'. வலிக்கும் இடத்தைக் கையால் காட்டி இதில் ஒன்றைச் சொன்னால், இலக்கணம் தெரியாமலே டொக்டருக்குப் பாதிக் கதை போய்விடும்.

எந்தக் கதவைத் தட்டுவது என்பதிலும் காசு இருக்கிறது. ஜப்பானில் காய்ச்சல், வயிற்றோட்டம், சத்திக்கு அருகிலுள்ள, 'நைக்கா' எனப்படும் சிறிய பொது மருத்துவக் கிளினிக் போதும். வேறொரு டொக்டரின் கடிதமில்லாமல் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால், முதல் வருகைக்குக் குறைந்தது 7,000 யென் மேலதிகமாக அறவிடும் விதி 2022 ஒக்டோபரிலிருந்து இருக்கிறது. பெரியாஸ்பத்திரிக்கே நேரே போய்ப் பழகிய நமக்கு இது விலையுள்ள பழக்கம். ஜேர்மனியில் 'ஹவுஸ்ஆர்ட்ஸ்ட்' எனப்படும் குடும்ப டொக்டர்தான் முதல் படி. பலர் புதிய ஆட்களை எடுப்பதில்லை, ஆகையால் சுகமாக இருக்கும்போதே ஒருவரிடம் பதிந்துகொள்ள வேண்டும். இரவிலும் வார இறுதியிலும், ஆபத்தில்லாத ஆனால் தள்ளிப்போட முடியாத வருத்தத்துக்கு 116117 என்ற எண் இருக்கிறது.

மறைந்திருக்கும் செலவுகள்:

ஜேர்மனியில் 30 வயதுக்குட்பட்ட மாணவருக்குப் பொதுக் காப்புறுதி மாதம் சுமார் 140 முதல் 150 யூரோ. மலிவென்று தனியார் காப்புறுதிக்குப் போய்ப் பொதுக் காப்புறுதியிலிருந்து விலக்கு வாங்கினால், அந்தப் படிப்பு முடியும்வரை திரும்பி வர முடியாது. முதல் மாதம் மிச்சம் பிடித்தது பிறகு ஒரு சத்திரசிகிச்சையில் போய்விடும். பொதுக் காப்புறுதியிலும் மருந்துக்கு ஒன்றுக்கு 5 முதல் 10 யூரோவும், ஆஸ்பத்திரியில் தங்கினால் நாளுக்கு 10 யூரோவும் (வருடத்தில் 28 நாள்வரை) கட்ட வேண்டும்.

ஜப்பானில் மூன்று மாதத்துக்கு மேல் தங்குபவர் தேசிய சுகாதாரக் காப்புறுதியில் சேர்ந்தே ஆக வேண்டும். செலவில் 30 வீதம் நம்முடையது. வருத்தம் வந்த பிறகு சேரலாம் என்று விட்டால், சேர வேண்டியிருந்த நாளிலிருந்து நிலுவையைக் கேட்பார்கள். சேர்ந்த பிறகும் வருமானமில்லை என்ற படிவத்தைக் கொடுக்காவிட்டால் மாணவருக்குரிய சலுகை கிடைக்காது. இன்னொரு பொறி மருந்துத் துண்டு. எழுதிய நாளையும் சேர்த்து நான்கு நாளுக்குள் வாங்காவிட்டால் அது வெறும் தாள்.

இந்த வழியில் பெற்றோருக்கு வரும் ஏமாற்றம் ஒன்று உண்டு. தடிமனுக்கும் தொண்டை நோவுக்கும் ஜேர்மன் டொக்டர் பெரும்பாலும் அன்டிபயோட்டிக் எழுத மாட்டார். ஓய்வெடு, தேநீர் குடி, மூன்று நாளில் குறையாவிட்டால் வா என்பார். "ஒண்டும் பார்க்கேல்லயாம்" என்று இங்கே பதறுவார்கள். வைரசால் வரும் தடிமனுக்கு அவர் செய்ததுதான் சரியான வைத்தியம். வீட்டில் கொத்தமல்லி அவித்துத் தருவதும் அதே வைத்தியம்தான், டொக்டர் பீஸ் இல்லாமல்.

## வழி 2: பல்கலைக்கழகத்தின் துணையோடு போவது

ஜப்பானியப் பல்கலைக்கழகங்களில் சுகாதார நிலையம் இருக்கும். சின்ன வருத்தங்களுக்கு அங்கேயே பார்ப்பார்கள், பெரியதென்றால் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தருவார்கள். அந்தக் கடிதமே மேற்சொன்ன 7,000 யென்னைத் தவிர்க்கும். ஜேர்மனியில் மாணவர் சேவை அமைப்புகள் மருத்துவம் பார்ப்பதைவிட உளவளத்துணையில்தான் கூடுதலாக உதவும், பல இடங்களில் ஆங்கிலத்திலேயே.

இங்கே அகப்படுவது மொழி வகுப்புப் பிள்ளைகள். ஜப்பானிய மொழிப் பாடசாலையில் படிப்பவருக்கு இவ்வளவு வசதி கிடையாது, ஆனால் வரவு குறைந்தால் விசா நீடிப்பில் கேள்வி வருவது அவருக்குத்தான். வராத முதல் நாளே பாடசாலைக்கு அறிவித்துவிட வேண்டும். கூடப் படிக்கும் உள்ளூர்ப் பிள்ளையைக் கூட்டிப் போவதும் நல்லது. ஒரு மணிநேரத்துக்கு வருவார். மூன்று தரம் வருவாரா என்பது வேறு விஷயம்.

## வழி 3: பெரியம்மாவைக் கூட்டிப்போவது

பாரிஸ், பேர்லின், சூரிச் பக்கம் நம்மவர்களுக்கு ஆள்பலம் இருக்கிறது. ஆஸ்பத்திரி வாசலில் தமிழ்க் குரல் ஒன்று கூட இருப்பதற்கு ஈடில்லை. வரவேற்பு மேசையில் நேரம் குறிப்பது, படிவம் நிரப்புவது, பாமசியைக் கண்டுபிடிப்பது எல்லாம் பத்து நிமிடத்தில் முடியும். இரவில் சோறும் ரசமும் வரும். கால் உடைந்து நடக்க முடியாமல் இருப்பவருக்கு இதைவிட நல்ல வழியில்லை.

ஆனால் மொழிபெயர்ப்பாளராக உறவினர் பல இடத்தில் சறுக்குவார். அங்கே பிறந்த மச்சானுக்கு ஜேர்மன் தண்ணீர்போல் வரும், தமிழோ குசினி அளவில்தான். வயித்துக்குத்து தெரியும், பித்தப்பை தெரியாது. பெரியம்மாவுக்குத் தமிழ் முழுதாகத் தெரியும், பிரெஞ்சு கடைக்குப் போக மட்டும் போதும். இருவரும் கெட்ட செய்தியைப் பாதியாக்கித்தான் சொல்வார்கள், அன்பினால்.

ஐந்தாவது கேள்வியில் இந்த வழி முற்றாகத் தோற்கிறது. இரத்தப் பரிசோதனை முடிவு டொக்டர் கைக்கு வருமுன் கதை வெள்ளவத்தை வந்து சேர்ந்துவிடும். மாதவிடாய்ச் சிக்கல், கர்ப்பம், பாலியல் தொற்று, மனச்சோர்வு, கல்யாணப் பேச்சில் எடுத்துப் போடக்கூடிய எதுவானாலும் உறவினரைக் கூட்டிப்போவதைத் தவிர்ப்பதே நல்லது. கூட வந்தாலும், உள்ளே போகும்போது வெளியில் இருக்கச் சொல்ல நோயாளிக்கு உரிமையுண்டு. "தனியாகப் பேச வேண்டும்" என்ற ஒரு வரியை அந்த மொழியில் பாடமாக்கி வைத்திருக்கலாம்.

## வழி 4: கொழும்பு டொக்டருக்கு வட்ஸ்அப்பில் எடுப்பது

அதிகம் பேர் எடுக்கும் வழி, அதிகம் பிழையாகப் பாவிக்கப்படும் வழியும் இதுதான். அவர் சிறுவயதிலிருந்து பிள்ளையைப் பார்த்தவர். பென்சிலினுக்கு உடம்பில் தடித்ததும், பத்து வயதில் முட்டு வந்ததும் அவருக்கு நினைவிருக்கும். ஆனால் திரையில் வயிற்றை அமுக்கிப் பார்க்க முடியாது, நெஞ்சில் குழாய் வைக்க முடியாது. அவர் எழுதும் துண்டை ஜேர்மன் பாமசியோ ஜப்பானியப் பாமசியோ எடுக்காது. அங்கே அன்டிபயோட்டிக் துண்டில்லாமல் கிடைக்கவும் கிடைக்காது. பார்க்காத நோயாளிக்கு அவர் மெடிக்கல் எழுதவும் கூடாது, எழுதினாலும் பரீட்சைக் குழு ஏற்காது.

நேர வித்தியாசத்தையும் பாருங்கள். டொக்டர் மாலை 6 மணிக்கு டிஸ்பென்சரியில் இருந்தால் குளிர்கால ஜேர்மனியில் மதியம் 1.30, ஜப்பானில் இரவு 9.30. ஜேர்மனிப் பிள்ளை கேட்டுவிட்டு அன்றே அங்குள்ள டொக்டரிடம் போகலாம். ஜப்பான் பிள்ளைக்கு அதற்குள் கிளினிக் பூட்டியாயிற்று.

இந்த வழி மற்ற எல்லாவற்றையும் வெல்லும் இடம் ஒன்று இருக்கிறது: டெங்கு. நுளம்பு கடித்து 4 முதல் 10 நாளில், சிலருக்கு 14 நாள்வரை பொறுத்துக் காய்ச்சல் வரும். ஆகவே கொழும்பை விட்டுப் போன முதல் இரண்டு வாரத்தில் வரும் காய்ச்சலை டெங்குவாக இருக்கலாம் என்றே பார்க்க வேண்டும். ஹாம்பேர்க்கில் குளிர்கால டொக்டருக்கு முதலில் தோன்றுவது இன்புளுவென்சா. உடம்பு நோவுக்கு இபுப்ரொஃபென் சொல்வார். டெங்குவில் இபுப்ரொஃபென், அஸ்பிரின், டைக்ளோபெனக் மூன்றும் கூடாது, இரத்தக்கசிவைக் கூட்டும். பரசிட்டமோல் மட்டும்தான். கொழும்பு டொக்டர் தொலைபேசியில் சொல்லிக்கொடுத்து, பிள்ளை அங்குள்ள டொக்டரிடம் சொல்ல வேண்டியது இரண்டே வரி: "போன வாரம்தான் இலங்கையிலிருந்து வந்தேன். டெங்கு இருக்கிறதா என்று என்.எஸ்.1 பரிசோதனையும் முழு இரத்தக் கணக்கெடுப்பும் செய்ய வேண்டும்." என்.எஸ்.1 காய்ச்சலின் முதல் ஐந்து நாளுக்குள் நன்றாகக் காட்டும். காய்ச்சல் இறங்கியதும் ஆறிவிட்டதென்று வகுப்புக்குப் போக வேண்டாம். டெங்குவில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் அப்போதுதான் தொடங்கும். வயிற்று வலி, நிற்காத சத்தி, முரசில் இரத்தம், எழும்ப முடியாத சோர்வு வந்தால் நேரே ஆஸ்பத்திரி.

கேள்வியைக் கொழும்பு டொக்டர் எழுதித் தர வேண்டும், ஊசியை அங்குள்ள டொக்டர் போட வேண்டும். இந்த இரண்டு பேரையும் சேர்த்துப் பிடிப்பதுதான் எங்கள் கணிப்பில் அநேக வருத்தங்களுக்கு நல்ல வழி.

மனச்சோர்வும் தனிமையும் என்றால் நிலைமை கொஞ்சம் மாறும். துக்கத்தை மூன்றாம் மொழியில் சொல்வது கடினம். கொழும்பிலுள்ள தமிழ் உளவளத்துணையாளரோடு வாரம் ஒரு தரம் வீடியோவில் பேசுவது உண்மையில் பயன் தரும். ஆனால் உயிரை மாய்க்கும் எண்ணம் வந்துவிட்டால் அது அவசர எண்ணுக்குரிய விஷயம்.

## வழி 5: டிக்கெட் போட்டுத் திரும்புவது

வாரக்கணக்கில் ஓய்வு வேண்டிய வருத்தம், முன்கூட்டி நாள் குறிக்கக்கூடிய சத்திரசிகிச்சை, தனியே சமைக்கவும் குளிக்கவும் முடியாத நிலை. இவற்றுக்கு இது நல்ல வழி. கடும் காய்ச்சலோடு ஏறுவதற்கில்லை. கொப்புளிப்பான் என்றால் கொப்புளங்கள் எல்லாம் காயும்வரை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள்.

மறைசெலவு விமானத்தில் இல்லை. ஜேர்மன் பொதுக் காப்புறுதி இலங்கையில் செய்யும் வைத்தியத்துக்குக் காசு தராது, ஆனால் மாதக் கட்டணம் ஓடிக்கொண்டே இருக்கும். தனியார் ஆஸ்பத்திரியென்றால் முழுதும் கையால். அரசாங்க ஆஸ்பத்திரி இலவசம், ஆனால் அங்கும் சிங்களத்தில்தான் சொல்ல வேண்டி வரலாம். அதைச் சமாளித்து வளர்ந்த பிள்ளைக்கு ஜேர்மன் டொக்டர் அப்படியொன்றும் புதிய சோதனையில்லை.

விசாவையும் பார்க்க வேண்டும். முன்கூட்டி அனுமதி வாங்காமல் ஆறு மாதத்துக்கு மேல் ஜேர்மனிக்கு வெளியே இருந்தால் வதிவிட அனுமதி பொதுவாகச் செல்லாது. ஜப்பானில் தகுந்த காரணமில்லாமல் மூன்று மாதம் படிக்காமல் இருந்தால் மாணவர் விசாவைப் பறிக்க முடியும். புறப்படுமுன் அங்குள்ள டொக்டரிடம் கடிதம் வாங்கி, பல்கலைக்கழகத்தில் விடுப்புப் பருவத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் விமானம் ஏற வேண்டும்.

## ஒரே பார்வையில்

| வழி | சோதிக்க முடியுமா | பேச்சு | மெடிக்கல் | கவனிக்க வேண்டியது |
|---|---|---|---|---|
| அங்குள்ள டொக்டர் | முழுதாக | கடினம், தாள் உதவும் | செல்லும் | காப்புறுதித் தெரிவு, 4 நாள் துண்டு |
| பல்கலைக்கழகம் | ஓரளவு | பரவாயில்லை | இடத்தைப் பொறுத்தது | மொழி மாணவருக்கு வசதி குறைவு |
| உறவினர் | அங்குள்ள டொக்டரால் | பாதி | டொக்டர் தந்தால் | கதை பரவும் |
| கொழும்பு டொக்டர் | இல்லை | முழுதாக | செல்லாது | மருந்துத் துண்டும் செல்லாது |
| திரும்புவது | முழுதாக, தாமதமாக | நன்று | விடுப்புக்கு அங்கேயே வாங்க வேண்டும் | விசா, இரட்டைச் செலவு |

பரீட்சைக்கு முதல் நாள் காய்ச்சல் வந்தால் யோசிக்கவே வேண்டாம், வழி 1. ஜேர்மனியில் 'ஆட்டெஸ்ட்' எனப்படும் அந்தத் தாளை எத்தனை நாளுக்குள் கொடுப்பது என்று பரீட்சை விதியில் இருக்கும், சில இடங்களில் அரசாங்க டொக்டரிடம்தான் வாங்க வேண்டும். போன கிழமைக்குத் திகதி போட்டுத் தாருங்கள் என்று கேட்டால் தர மாட்டார்கள். ஜப்பானில் 'ஷின்தான்ஷோ' எனப்படும் சான்றிதழுக்குச் சில ஆயிரம் யென் போகும், அது காப்புறுதியில் வராது.

## சூட்கேஸில் வைக்க வேண்டிய தாள்

எந்த வழியைத் தெரிந்தாலும் இது வேண்டும். ஒரு பக்கம், ஆங்கிலத்தில்: பெயர், பிறந்த திகதி, இரத்த வகை, ஒவ்வாமை, பழைய வருத்தங்கள், சத்திரசிகிச்சைகள், ஏற்றிய தடுப்பூசிகள். கொப்புளிப்பான் வந்திருக்கிறதா என்பதையும் எழுதுங்கள். வராதவர் போகுமுன் தடுப்பூசி போட்டுக்கொள்வது நல்லது, இலங்கையின் வழக்கமான அட்டவணையில் அது இல்லை. ஆஸ்பத்திரியில் இருந்திருந்தால் டயக்னோசிஸ் கார்டின் பிரதியைச் சேருங்கள்.

டிஸ்பென்சரியில் தரும் மருந்து பெரும்பாலும் சின்னக் கடித உறையில் வரும். மேலே "காலை 1, இரவு 1" என்று பேனாவால் எழுதியிருக்கும், உள்ளே பெயரில்லாத வெள்ளைக் குளிசை. அந்த உறையை அங்குள்ள டொக்டரிடம் காட்டி ஒரு பிரயோசனமும் இல்லை. போகுமுன் டொக்டரிடம் மருந்தின் மூலப் பெயரையும் மில்லிகிராமையும் எழுதி வாங்குங்கள், மருந்தைப் பெட்டியோடு வாங்குங்கள். பனடோல் என்றால் அங்கு பலருக்குத் தெரியாது. ஜேர்மனியில் பரசிட்டமோல், பிரான்ஸில் டொலிப்ரான், ஜப்பானில் அசெட்டமினோஃபென். ஜப்பானியக் குளிசை 200 மில்லிகிராமாகவும் இருக்கும், ஆகவே பெட்டியில் அளவைப் பார்க்காமல் "ரெண்டு போட்டேன்" என்று சொல்ல வேண்டாம். ஜேர்மனியில் பாமசியில் மட்டும் கிடைக்கும், 500 மில்லிகிராம் குளிசை இருபதுக்கு மேல் வேண்டுமென்றால் துண்டு கேட்பார்கள்.

ஜப்பானுக்கு ஒரு மாதத்துக்கு மேற்பட்ட துண்டு மருந்து கொண்டுபோவதானால் முன்கூட்டியே இறக்குமதி அனுமதி எடுக்க வேண்டும். சூடோஎபெட்ரின் 10 வீதத்துக்கு மேலுள்ள தடிமன் குளிசைகளும், கவனக்குறைவுக் கோளாறான ஏ.டி.எச்.டி.க்குக் கொடுக்கும் அம்பெட்டமின் வகை மருந்துகளும் அனுமதிக்கப்படுவதே இல்லை. அம்மா கடைசி நேரத்தில் உடுப்புக்குள் செருகும் மருந்துப் பையை, விமான நிலையத்துக்குப் புறப்படுமுன் ஒரு தரம் திறந்து பெயர் பெயராகப் பாருங்கள்.